ஓணானை வதைக்கும் பையன், ஆட்டை அடித்துக் கொல்லும் வீடு: எதைக் கவனிக்க வேண்டும்?

தொண்டிக்கரை_டீச்சர் (கேள்வி)

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் உள்ள கடலோர ஊர்களில் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, மகளிர் குழு என்று வேலை பார்க்கிற எல்லோர் முன்னாலும் நிற்கிற கேள்வி இது. ஓணானை ஈர்க்குச் சுருக்கில் பிடித்து வாயில் மூக்குப்பொடி திணிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். தெருநாய் வாலில் சரவெடி கட்டுகிறவர்கள், பூனைக்குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கடலில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். "இன்னைக்கு நாயை அடிக்கிறவன் நாளைக்கு மனுஷனை வெட்டுவான்" என்று ஒரு சாரார். "பயலுக விளையாட்டு, இதுக்குப் போயி பஞ்சாயத்தா" என்று இன்னொரு சாரார்.

விலங்கை வதைப்பதற்கும் மனிதரைத் தாக்குவதற்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் உண்மையிலேயே சொல்கின்றனவா? எந்தப் பையனைப் பற்றிக் கவலைப்படலாம், எவனைக் கண்டித்து விட்டுவிடலாம்? மீன் பிடித்து, ஆடறுத்துப் பிழைக்கிற ஊரில் எதைக் கொடுமை என்பது? வீட்டுக்காரர் குடித்துவிட்டு ஆட்டை அடித்தே கொன்றார் என்று ஒரு பெண் குழுக்கூட்டத்தில் சொன்னால், அதை ஆட்டு நட்டமாக மட்டும் எழுதிக்கொள்ளலாமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

உளநலம்_ராம்நாடு

டீச்சர், இரண்டு சாராருமே தவறான கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். "இவன் வளர்ந்து என்ன ஆவான்" என்பதற்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. "இப்போது இவன் வீட்டில் யாருக்கு அடி விழுகிறது" என்பதற்குப் பதில் தேட முடியும். ஆய்வுகள் வலுவாக நிற்பதும் அந்தப் பக்கம்தான்.

நாயை அடிப்பவன் கொலைகாரன் ஆவான் என்ற பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. 1963இல் மெக்டொனால்டு என்ற மனநல மருத்துவர் அமெரிக்காவின் டென்வர் நகரில், கொலை மிரட்டல் விடுத்த 100 நோயாளிகளைப் பற்றி எழுதினார். படுக்கையில் சிறுநீர் கழித்தல், தீ வைத்தல், விலங்கை வதைத்தல் ஆகிய மூன்றும் சிறு வயதில் சேர்ந்திருந்தால் ஆபத்து என்ற கருத்து அங்கிருந்து பரவியது. பின்னால் வந்த ஆய்வுகள் இந்த மூன்றையும் சேர்த்துத் தாங்கிப் பிடிக்கவில்லை. படுக்கையை நனைக்கிற பிள்ளையை இன்னும் சிலர் இதை வைத்துப் பயமுறுத்துகிறார்கள். அது பெரிய அநியாயம். சிறையில் இருக்கும் கொலைகாரர்களிடம் போய் "சின்ன வயதில் நாயை வதைத்தாயா" என்று கேட்டுக் கணக்கெடுப்பதிலும் ஓட்டை உண்டு. அப்படி வதைத்துவிட்டுப் பிறகு யாரையும் தொடாமல் வாழ்கிறவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

1999இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆர்லூக் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். விலங்கு வதை வழக்கில் சிக்கிய 153 பேரை, அதே தெருக்களில் வசித்த, வயதும் பாலும் ஒத்த 153 பேரோடு ஒப்பிட்டார்கள். வதைத்தவர்கள் மனிதர் மீதான வன்முறை வழக்குகளில் இருந்த வாய்ப்பு சுமார் 5 மடங்கு. ஆனால் திருட்டு, போதை, ரகளை வழக்குகளிலும் அவர்களே கூடுதல். விலங்கில் தொடங்கி மனிதருக்கு ஏறினார்கள் என்ற வரிசையும் கிடைக்கவில்லை. மனிதரை முதலில் தாக்கிவிட்டுப் பிறகு விலங்கைத் தொட்டவர்களும் இருந்தார்கள். ஆக, தொடர்பு உண்டு. படிக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிற கணக்குத்தான் இல்லை.

வீட்டுப் பக்கம் பாருங்கள். 1983இல் நியூ ஜெர்சியில், பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தியதாகக் கண்டறியப்பட்ட, விலங்கு வளர்த்த 53 குடும்பங்களை ஆராய்ந்தபோது, பிள்ளைக்கு உடல் காயம் ஏற்படுத்திய வீடுகளில் 88 விழுக்காட்டில் விலங்கும் வதைபட்டிருந்தது. 1998இல் அசியோன் என்ற ஆய்வாளர் யூட்டா மாநிலத்தில், வீட்டில் அடிபட்ட பெண்களுக்கான காப்பகம் ஒன்றுக்கு வந்த 38 பெண்களிடம் கேட்டார். விலங்கு வளர்த்தவர்களில் 71 விழுக்காட்டினர், கணவனோ துணைவனோ அதைக் கொல்வேன் என்று மிரட்டினான் அல்லது உண்மையிலேயே காயப்படுத்தினான், கொன்றான் என்றார்கள். இவை சிறிய ஆய்வுகள், வேறு நாட்டு ஆய்வுகள். விழுக்காட்டை அப்படியே ராமநாதபுரத்துக்குப் பொருத்த வேண்டாம். ஆனால் அடிக்கிற விதம் பொருந்தும். ஆட்டை அடிப்பது அந்தப் பெண்ணுக்குக் காட்டுகிற அடி. "அடுத்தது நீ" என்று வாயால் சொல்லாமலே சொல்கிறான்.

இனிப் பிள்ளைகள். நான்கைந்து வயதுக் குழந்தை பூனையைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினால் அதற்கு வலி புரியவில்லை. கையைப் பிடித்துத் தடவச் சொல்லிக் கொடுத்தால் மாறிவிடும். பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள் கூட்டமாக ஓணானை அடிப்பது வேறு. 1985இல் கெல்லர்ட், ஃபெல்தஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வதைப்பதற்கான நோக்கங்களை ஒன்பதாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று, ஒரு குறிப்பிட்ட உயிரினத்தின் மேல் உள்ள வெறுப்பு. நம் பக்கம் ராமருக்கு அணில் உதவியது, ஓணான் தாகத்துக்குச் சிறுநீர் கொடுத்தது என்று கதை சொல்லித்தான் பிள்ளையை வளர்க்கிறோம். பையன் ஓணானைக் கொல்வது அந்தக் கதையின் தொடர்ச்சி. தவறுதான், நிறுத்த வேண்டியதுதான். ஆனால் அவன் மனதில் கோளாறு என்று பொருளில்லை.

தனியாக, மறைவில், திரும்பத் திரும்பச் செய்கிறானா? துடிப்பதைக் கிட்ட இருந்து பார்க்கிறானா? கல்லிலிருந்து கம்பி, தீ என்று முறை கடுமையாகிக்கொண்டே போகிறதா? நாய், பூனை, தங்கச்சி ஆசையாக வளர்க்கும் ஆட்டுக்குட்டி போல, மனிதரோடு ஒட்டி வாழும் உயிரைத் தேர்ந்தெடுக்கிறானா? வேறொருவரை அழவைப்பதற்காகச் செய்கிறானா? இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தாலே உட்கார்ந்து பேச வேண்டும். நடத்தைக் கோளாறுக்கான மருத்துவ அடையாளங்களில் விலங்கு வதை 1987இல்தான் சேர்க்கப்பட்டது. இப்போதைய அளவுகோலில் 15 அடையாளங்களில் 3 கடந்த 12 மாதத்தில் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றாவது கடைசி 6 மாதத்துக்குள். ஆகவே இது ஒன்றை மட்டும் வைத்து எந்தப் பிள்ளைக்கும் முத்திரை குத்தக்கூடாது.

பேசும்போது "ஏன்டா செஞ்சே" என்று தொடங்கினால் "சும்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். யாருடைய நாய் அது, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது, யார் யார் பக்கத்தில் நின்றார்கள், அது எப்படிக் கத்தியது, அப்புறம் எங்கே போனாய், இது மாதிரி வேறு யாராவது செய்து பார்த்திருக்கிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "அப்பா" என்றோ "மாமா" என்றோ பதில் வந்தால், விசாரிக்க வேண்டியது பையனை அல்ல. விலங்கோடு பாலியல் செயலில் ஒரு பிள்ளை ஈடுபட்டிருந்தால், அந்தப் பிள்ளையிடம் யாரோ அத்துமீறியிருக்கலாம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தச் சந்தேகம் வந்தாலே, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தகவல் சொல்வது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளையை "மனசு சரியில்லை" என்று கட்டிப்போடுவது, அடித்துத் திருத்துவது இரண்டுமே கேடு. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில், மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த மாவட்டம் இது. 2017 மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உடனே பேச வேண்டுமென்றால் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416.

பாம்பன்_வலை

டாக்டர் சொன்னதுல ஒண்ணு சேக்கணும். வெளியூர்லருந்து வர்றவங்க கரையில ஆமை துடுப்பறுந்து கிடக்கிறதைப் படம் எடுத்துப் போட்டு "கொடூரம்"னு எழுதுறாங்க. வலையில சிக்குற ஆமையை உயிரோட விடணும்னா வலையை அறுக்கணும். வலைக்கு ஆன காசை நெனச்சுத் துடுப்பை அறுக்கிறவன் இருக்கான். அது குற்றம்தான். ஆமை வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, 3 வருஷத்துலருந்து 7 வருஷம் வரைக்கும் சிறை. ஆனா அவன் செய்றது காசுக்கு, ரசிச்சு இல்ல. அவனைத் திருத்துற வழி வேற.

அசைவில்லாத ஆமையைச் செத்துப்போச்சுன்னு உடனே கடல்ல தள்ளிடாதீங்க. வயிறு கீழ இருக்கும்படி படுக்கப் போட்டு, பின்பக்கத்தை அரையடி தூக்கி வச்சு, நிழல்ல ஈரச்சாக்கு போட்டு வைங்க. மூக்கை மூடிறாதீங்க. சில ஆமை நாலஞ்சு மணி நேரத்துல எந்திரிக்கும், சிலதுக்கு ஒரு நாள் ஆகும்.

அதே மாதிரி கருவாடு. மணல்ல காயப்போட்டா நாய் இழுக்கத்தான் செய்யும். அப்புறம் நாய் மேல சுடுதண்ணி ஊத்துறது, சோத்துல குருணை மருந்து (பயிருக்குப் போடுற பூச்சிமருந்து) வைக்கிறதுன்னு போகும். மூணடி ஒசரத்துல கம்புப் பரண் கட்டி மேல பழைய வலையைப் போட்டா பாதிச் சண்டை இல்ல. கருவாட்டுல மண்ணும் ஒட்டாது, வெலையும் கூட வரும். பரண் கட்டின பெறகும் ஒருத்தன் நாய்க்கு மருந்து வச்சான்னா அவனைத்தான் பாக்கணும்.

கடலோரக்_கால்நடை

பாம்பன் அண்ணன் சொன்ன மாதிரி, எது கொடுமை, எது இல்லை என்று பிரித்துப் பார்ப்பது கால்நடை மருத்துவரின் மேசையிலும் உண்டு. அடிபட்ட நாயைப் பார்த்ததும் விபத்தா, அடியா என்று பிரிக்கச் சில தடயங்கள் உதவும். வண்டி அடித்த நாய்க்குப் பெரும்பாலும் நகம் உராய்ந்து பிய்ந்திருக்கும், முடியில் தார்ச்சாலைக் கறையும் மணலும் இருக்கும், தோல் உரசிக் கழன்றிருக்கும். கட்டையால் அடிபட்டதில் நகம் முழுசாக இருக்கும். விலா எலும்பு, மண்டை, பல் என்று முறிவுகள் இருக்கும். எக்ஸ்ரேயில் ஒரு விலா புதிதாக முறிந்தும் பக்கத்து விலா பழைய முறிவு கூடி முடிச்சிட்டும் இருந்தால், அது ஒரு நாள் கோபத்தில் விழுந்த அடி அல்ல. கொதிநீர்க் காயம் முதல் இரண்டு மூன்று நாள் முடிக்குள் ஒளிந்துகொள்ளும், பிறகுதான் தோல் உரியும். அதனால் "நேற்று ஒன்றும் இல்லையே" என்று வீட்டுக்காரர் சொல்வதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

நம் கரையில் அதிகம் குழப்புவது தங்கூசி, அதாவது மீன்பிடி நைலான் நரம்பு. நாயின் காலிலோ கழுத்திலோ தங்கூசி இறுகியிருந்தால் உடனே கொடுமை என்கிறார்கள். கரையில் வீசிய வலைத்துண்டில் மாட்டியிருந்தால் பல சுற்று தாறுமாறாக இருக்கும், கண்ணி கண்ணியாக வலை ஒட்டியிருக்கும், முடிச்சு வலை பின்னிய முடிச்சாக இருக்கும். ஒரே சுற்று, தனியாகப் போட்ட முடிச்சு, முடிச்சிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நரம்பு முனை என்றால் யாரோ கையால் கட்டியது. அதனால் அவிழ்க்கவே கூடாது. முடிச்சுக்கு நேரெதிர்ப் பக்கத்தில் வெட்டுங்கள், முடிச்சை அப்படியே காகித உறையில் போட்டு நாளும் நேரமும் எழுதுங்கள். வெட்டுவதற்கு முன் பக்கத்தில் ஒரு அளவுகோலையோ பத்து ரூபாய் நாணயத்தையோ வைத்துப் படம் எடுங்கள். பதற்றத்தில் முடிச்சையே முதலில் வெட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. பிறகு அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

குருணை மருந்து தின்ற விலங்குக்கு எச்சில் நூல் நூலாக ஒழுகும், கண்மணி குண்டூசி முனையளவு சுருங்கும், தசை துடிக்கும், கழிச்சல் போகும். இதைப் பார்த்ததும் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அழையுங்கள். தேங்காயெண்ணெய், பால், உப்புத்தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நினைவு தப்பும் விலங்குக்கு அது நுரையீரலுக்குள் போகும், எண்ணெயும் பாலும் சில பூச்சிமருந்துகளை இன்னும் வேகமாக இரத்தத்தில் ஏற்றிவிடும். வாந்தியை வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் வழியாக உங்களுக்கும் ஏறும். மிச்சம் கிடக்கும் சோற்றுருண்டையையோ மீன் தலையையோ கையுறை போட்டு எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள்.

இறந்துவிட்டால் நம் வெயிலில் சில மணி நேரத்தில் உடல் கெடத் தொடங்கும். மீன் இறங்குதளத்து ஐஸை நெகிழிப் பையில் கட்டிச் சுற்றி வையுங்கள். உறைய வைக்க வேண்டாம், உறைந்தால் திசு உடைந்து நுண்ணோக்கிப் பரிசோதனை கெடும். பிரேதப் பரிசோதனையில் விஷத்துக்கு எடுக்கும் இரைப்பை, கல்லீரல் துண்டுகள் செறிந்த உப்புக்கரைசலில் போக வேண்டும். ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் விஷம் தேடும் சோதனை வீணாகும். திசுப் பரிசோதனைக்கு மட்டும்தான் ஃபார்மலின், அதுவும் தனிப் புட்டியில்.

நாங்கள் விலங்குக்குச் சீட்டு எழுதும்போதே, கூட்டி வந்த பெண்ணின் கையையும் பிள்ளையின் முகத்தையும் பார்க்க வேண்டும். "வீட்டில் வேறு யாருக்காவது அடிபட்டதா" என்று தனியாக ஒரு கேள்வி கேட்க அரை நிமிடம் போதும். அடித்தவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கேட்கக்கூடாது.

பரமக்குடி_வக்கீல்

சட்டப் பக்கம். பலரும் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதன் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அந்தத் தொகையைக் கேட்டே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் அந்தச் சட்டத்தின்படி பிறகு தொடரவும் முடியாது (பிரிவு 36). அதிலும் குரூரமாகக் கொல்வது, ஊனமாக்குவது போன்ற சிலவற்றில்தான் போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்க முடியும்.

கொன்றிருந்தால், விஷம் வைத்திருந்தால், ஊனமாக்கியிருந்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவைக் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, 5 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் விலங்கின் விலை 10 ரூபாயா, 50 ரூபாயா என்று பார்த்தார்கள். இப்போது விலை பார்ப்பதில்லை. நீதிமன்ற உத்தரவு இல்லாமலே முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதியலாம். ஸ்டேஷனில் புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்பதால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த அவர்களுக்கு வழி உண்டு. பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு.

வீடியோ இருந்தால் எடுத்த செல்போனிலேயே மூலக் கோப்பை வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி, எடுத்த நாள், நேர விவரம் போய்விடும். நீதிமன்றத்தில் புதிய சாட்சியச் சட்டத்தின் (2023) 63ஆம் பிரிவுச் சான்றிதழும் கேட்பார்கள். செய்தது 18 வயதுக்கு உட்பட்டவன் என்றால் அந்த வீடியோவை எங்கேயும் பகிராதீர்கள், அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். சிறுவன் மட்டும் செய்த இந்த அளவுக் குற்றத்தில் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். பொது நாட்குறிப்பில் பதிந்து, வீட்டுச் சூழல் அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். அந்த அறிக்கையில் வீட்டில் நடக்கிற அடிதடியும் வர வேண்டும் என்று ஆசிரியர்கள் எழுத்தில் கேளுங்கள்.

நம் ஊர்களில் பெரிய சிக்கல் ஊர்க்கூட்டம்தான். ஆட்டுக்கு விலை போட்டு, தண்டம் கட்டச் சொல்லி அன்றைக்கே முடித்துவிடுகிறார்கள். மூன்று தரம் தண்டம் கட்டியவன் நான்காவது தரம் மனைவியை அடித்தால், முந்தைய மூன்றுக்கும் எங்கேயும் ஒரு வரி எழுத்து இருப்பதில்லை. தண்டம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தேதி போட்டு நோட்டில் எழுதி இரண்டு பேர் கையெழுத்து வாங்குங்கள்.

கணவன் ஆட்டைக் கொன்ற வீட்டுக்கு 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. ஆடு அந்தப் பெண்ணின் சொத்து என்றால் அது பொருளாதார வன்முறை, மிரட்டுவதற்காகச் செய்தால் மன வன்முறை. பாதுகாப்பு அலுவலர் எழுதும் முதல் படிவத்தில் அதைத் தேதியோடு சேர்க்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு ஆணையில் "அவளது ஆடுகளைத் தொடவோ விற்கவோ கூடாது" என்று தனி வரியாகவே கேட்கலாம். ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

தொண்டிக்கரை_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. வக்கீல் சார், ஒரு சந்தேகம். கடற்பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கு அந்த நாலு ஆடுதான் சேமிப்பு. "நான் போயிட்டா ஆட்டை அறுத்துருவாரு" என்றுதான் பலர் வீட்டை விட்டு வராமல் இருக்கிறார்கள். காப்பகத்தில் ஆடு கட்ட இடமில்லை. அதற்கு என்ன வழி? ஆடு அவளுடையது என்று எதை வைத்துக் காட்டுவது?

பரமக்குடி_வக்கீல்

குழுக் கடனில் வாங்கியது என்றால் குழுவின் தீர்மான நோட்டும் கடன் புத்தகமும் போதும், டீச்சர். காப்பீடு செய்திருந்தால் காதுவில்லை எண், பாலிசி. இரண்டும் இல்லையென்றால் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போடும்போது அவள் பெயரில் பதியச் சொல்லுங்கள், ஒவ்வோர் ஆட்டோடும் அவள் நிற்கிற படம் ஒன்று எடுத்து வையுங்கள்.

உளநலம்_ராம்நாடு

ஆட்டை நகர்த்துவதற்கு நம் ஊர் வழக்கமே கைகொடுக்கும். ஆட்டை இன்னொருவர் வளர்க்கக் கொடுத்துக் குட்டியைப் பங்கிட்டுக்கொள்கிற வாரத்துக்கு விடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கிளம்புவதற்கு முன்னால் ஒன்றிரண்டாக, வேறு ஊரில் இருக்கிற குழுப் பெண்ணிடமோ அம்மா வீட்டிலோ வாரத்துக்கு விட்டதாகச் சொல்லி மாற்றலாம். எல்லா ஆட்டையும் ஒரே நாளில் ஓட்டினால் அவனுக்குச் சந்தேகம் வரும், வீட்டை விட்டுக் கிளம்புகிற நேரம்தான் பெண்ணுக்கு மிகவும் ஆபத்தான நேரம். வாங்கிக்கொள்கிறவர் எத்தனை ஆடு, என்ன நிறம், காதில் என்ன வெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் அவள் வீட்டில் இருக்கக்கூடாது, குழுத் தலைவியிடம் இருக்கட்டும். ஆட்டை மாற்ற நேரமே இல்லை, இன்றைக்கே ஆபத்து என்றால் ஆட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பெண்கள் உதவி எண் 181க்கோ அவசர எண் 112க்கோ அழைத்து அவளையும் பிள்ளைகளையும் முதலில் வெளியே கொண்டுவாருங்கள். ஆடு இன்னும் அந்த வீட்டில் இருப்பதை அழைக்கும்போதே சொல்லிவிட்டால், மறுநாள் போலீஸ் துணையோடு போய் எடுத்துவரக் கேட்பது எளிது.